ஹமீமாவிடம் சொன்ன நோவு

வெள்ளவத்தை
செவ்வாய்க்கிழமை

இஞ்சாரும்,

உமக்குப் புற்றுநோய் மாறிச் சுகமாகி மூன்று வருடம். நானே புத்தகம் தேடிப் படித்து, டொக்டரின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். குண்டு வெடித்து வீதி மூடின நாளிலும் உம்மைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

இப்போது கிளினிக்கில் இருக்கிற அந்த ஆலோசகர் பிள்ளை ஹமீமா, "ஐயா, கொஞ்சம் வெளிய இரிங்க" என்கிறாள். கதவுக்கு அப்பால் நீர் அழுதது கேட்டது. எனக்கு முன்னால் ஒருநாளும் அழுததில்லை.

அவளிடம் என்ன சொன்னீர் என்று வீட்டில் கேட்டேன்.

"கை இன்னும் நோகுதெண்டு. டொக்டர் கேட்டால் நீங்கள்தானே 'நல்ல சுகம்' எண்டுறனீங்கள்!"

அதற்கு நான் கத்தினது பிழையில்லை. நீர் தெஹிவளைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனதுதான் பிழை.

வியாழக்கிழமை கிளினிக்குக்கு வருவேன். டொக்டரிடம் வாய் திறக்கமாட்டேன். ஹமீமா சொன்னால் வெளியில் இருப்பேன். ஆனால் இனி எங்கே நோகுது என்று அவளுக்கு முன்னம் எனக்குச் சொல்லும்.

உம்முடைய மனுசன்