பங்கு வைத்த மருந்து

ஜூலை 9, புதன்.

மகளின் காதுவலிக்குக் கொடுத்த அமொக்சிசிலின் பாணி மருந்தை மூன்றாம் நாளே நிறுத்தியிருந்தேன். காய்ச்சல் விட்டது, வயிறும் போனது. மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எடுத்து வைத்தேன். இன்று கிளினிக்கில் நர்ஸ் ஏசினார்.

"வயிறு கொஞ்சம் போகத்தான் செய்யும். மேலெல்லாம் தடிச்சா உடனே கூட்டிட்டு வாங்க. இல்லாட்டி ஏழு நாளும் குடுங்க. பங்கு வைக்காதீங்க."

நான் வளர்ந்த மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒரு மருந்துப் போத்தல் நாலு வீட்டுக்குப் போகும். அந்த வாழைப்பழ வாசனைக்காக நானும் தங்கச்சியும் கரண்டியை நக்கச் சண்டை போடுவோம். இன்று மகள் குடித்ததும் நக்கிப் பார்த்தேன். அதே இனிப்பு.

தங்கச்சியிடம் சொல்ல வீடியோவில் அழைத்தேன். வழக்கம்போல வலது காதைத் திருப்பிக் கேட்டாள். சின்ன வயதில் சீழ் வடிந்த அவளுடைய இடது காதுக்கு வாங்கிய மருந்தில் பாதியை அம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தாள்.