ஒரே நேரத்தில் இருவர்

நாள் 341, காலை 09:00

இந்தக் குறிப்பேட்டைப் பின்னால் எடுத்துப் படிப்பவருக்கு: என் பெயர் இ. கோமதிநாயகம், வயது அறுபத்தெட்டு. செவ்வாய் ஆய்வுப் பல்கலைக்கழக நூலகத்தில் மின்வள உரிமங்களைக் கவனிக்கிறேன். இங்கே அச்சுப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. பூமியிலுள்ள பதிப்பகங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள்தான் உண்டு. எதை யார் படிக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம், எவ்வளவு நகலெடுக்கலாம் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். அவை மீறப்படாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

மாத அறிக்கைக்காக உயிர்காப்புக் கருவிக் கையேட்டுத் தொகுப்பின் கண்காணிப்புத் திரையைத் திறந்தேன். அந்தத் தொகுப்பை ஒரே நேரத்தில் இருவர் மட்டுமே திறக்க முடியும். மூன்றாமவர் வந்தால் 'பிறகு முயலவும்' என்று திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திரும்பியவர்களின் எண்ணிக்கைக்கு மறுப்பு என்று பெயர். சென்ற வாரம் மறுப்பு இரண்டு. மூன்றாவது இடம் கேட்டு எழுத வேண்டும். பூமிக்கும் நமக்கும் நடுவே சூரியன் வந்துவிட்டதால் இன்னும் பன்னிரண்டு நாள் செய்தி போகாது. எழுதி வைக்கிறேன்.

நாள் 342, காலை 10:20

நேற்று மாலை தொடங்கிய புழுதிப் புயலில் வடக்கு முகாமின் குரல் தொடர்பு அறுந்துவிட்டது. அங்கே இருவர்: கருவிப் பொறியாளர் இசக்கியம்மாள், பாறை ஆய்வாளர் மரியதாஸ். முகாம் முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இசக்கியம்மாளின் கடைசிச் செய்தியைக் கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள்.

"காத்து சுத்தம் பண்ற மிசினு நின்னுட்டு. புது மாடலு, எனக்குப் பழக்கமில்ல. கையேட்டத் தொறந்து பாத்துத்தான் பிரிக்கணும். மாத்து டப்பா ஆறு நாளைக்குக் காணும், அதுக்குள்ள சரி பண்ணிருவோம். யாரும் பயந்துக்கிடாதிய."

அதன்பின் இரைச்சல். கருவி சரியாகும்வரை காற்றைச் சுத்திகரிக்கும் மாற்று டப்பாக்கள் நாள் 348 நண்பகலோடு தீர்ந்துவிடும்.

முகாமுக்குக் கிளம்புமுன் இசக்கியம்மாள் என்னிடம் வந்து கையேடு முழுவதையும் நகலெடுத்துத் தரச் சொன்னார். ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு அதை அனுமதிக்காது என்றேன். ஓர் அத்தியாயம் தரலாம், மற்றதை அங்கிருந்தே நம் இணைப்பு வழியாகத் திறந்துகொள்ளலாம் என்றும் சொன்னேன். "சரி அண்ணாச்சி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நான் சொன்னதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

இங்கும் பிரதான காற்றுக் குழாயில் புழுதி ஏறிவிட்டது. பட்டறைத் தலைவர் ரவூஃப் அதைப் பிரித்துப் போட்டிருக்கிறார். அவருக்கும் அதே தொகுப்புத்தான் வழிகாட்டி.

நாள் 343, காலை 08:30

திரையில் மறுப்பு பதினான்கு. பெயர்கள் தெரியாது. படிப்பவரின் பெயர் யாருக்கும் தெரியக் கூடாது என்று ஒப்பந்தத்தில் பிடிவாதமாகச் சேர்த்தவன் நான்தான். ஆனால் மறுக்கப்பட்டவர்களின் இடக் குறியீடு மட்டும் தெரியும். பதினான்கும் வடக்கு முகாம்.

செயற்கைக்கோள் வழியாகப் போகும் நூலக இணைப்பு மட்டும் தப்பியிருக்கிறது. அதில் குரலோ கடிதமோ போகாது. தொகுப்பின் பக்கங்கள் மட்டும் போகும். யாரோ அங்கே கதவைத் தட்டுகிறார் என்பதற்கு அது போதும்.

இயக்குநர் மங்களேஸ்வரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டி யாரும் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டுவிட்டேன். மீட்பு வண்டி மூன்று பேரோடு கிளம்பிவிட்டது. இந்தப் புயலில் போய்ச் சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகும். அதுவரை நான் திரையைவிட்டு நகராமல் மணிக்கொரு முறை மறுப்பு எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு.

நாள் 344, பகல் 14:00

மறுப்பு முப்பத்தொன்று. எண் கூடும்போதெல்லாம் கட்டுப்பாட்டு அறை மகிழ்கிறது. எனக்கு மகிழ்ச்சியாக இல்லை. அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், சரி. ஆனால் ஒருமுறைகூட உள்ளே போகவில்லையே.

திரை காட்டுவது இவ்வளவுதான்: இடம் ஒன்று, பயன்பாட்டில். இடம் இரண்டு, பயன்பாட்டில். இரண்டையும் பட்டறைதான் வைத்திருக்க வேண்டும். ஒன்றை விட்டுத்தர முடியுமா என்று ரவூஃபுக்கு ஒரு குறிப்பு அனுப்பினேன். பதில் இல்லை. நேரில் போகலாம். அவர் வேலையின் நடுவில் போய் நிற்கத் தயக்கமாக இருக்கிறது. இன்னொரு குறிப்பு, இன்னும் பணிவாக.

மூன்றாவது இடத்தை நானே திறந்துவிட வழியில்லை. தொகுப்பு பதிப்பகத்தாரின் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. கை வைத்தால் மொத்தமும் மூடிக்கொள்ளும். அதைத் திரும்பத் திறக்கும் சாவி பூமியிலிருந்து வர வேண்டும்.

நாள் 345, காலை 11:15

மறுப்பு நாற்பத்தாறு. ரவூஃப் உள்தொடர்பில் வந்தார்.

"அண்ணாச்சி, அறுபத்தொரு பேரு மூச்சு விடணும். நான் குழாய்க்குள்ள படுத்துக் கெடக்கேன், நீங்க நாலு கடுதாசி போட்டிருக்கீங்க. எங்ககிட்ட ஒரு எடந்தான் இருக்கு. அதை விட முடியாது. இன்னொண்ணு யாருட்ட இருக்குன்னு நீங்கதான பாக்கணும்? உங்க கடைதான அது?"

மருத்துவர், ஆசிரியர்கள், மாணவர்கள் என்று எல்லோரையும் ஒவ்வொருவராகக் கேட்டு, பட்டியலில் குறியிட்டு வருகிறேன். அறுபத்தொரு பேர்.

நாள் 345, மாலை 15:40

அறுபது பேருக்கும் குறியிட்டாகிவிட்டது. பட்டறையைத் தவிர யாரும் திறந்திருக்கவில்லை. பட்டியலில் மீதி இருப்பது என் பெயர்.

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். இரண்டாம் பிரிவு, நான்காம் உட்பிரிவு: கண்காணிப்புத் திரையும் ஒரு பயனராகவே கணக்கிடப்படும்.

இதைப் பதிப்பகத்தாரோடு பேசி முடித்தவன் நான். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் அறிக்கையை எடுத்துக்கொண்டு மூடிவிடுவேன். முப்பத்தோர் ஆண்டுப் பணியில் அதைத் திறந்தபடி வைத்ததே இல்லை. இம்முறை மூன்றாவது இடத்துக்கான ஆதாரம் திரட்டத் திறந்து வைத்தேன். பிறகு மணிக்கொரு முறை எண்ணிக்கை சொல்வதற்காக.

நாற்பத்தாறு முறை அவர்களைத் திருப்பி அனுப்பியவன் நான். ஒவ்வொன்றையும் எண்ணியவனும் நான்.

15:52. திரையை மூடிவிட்டேன். மூடிய பிறகும் இடம் விடுபட நாற்பது நிமிடம் ஆகும். அதுவும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இயக்குநரிடம் சொல்லப் போகிறேன்.

நாள் 346, காலை 09:00

சொன்னேன். அவர் திட்டவில்லை. "இப்ப அவங்க உள்ள போயிருப்பாங்களா சார்?" என்றார். தெரியாது என்றேன். தெரிந்துகொள்ளத் திரையைத் திறக்க வேண்டும். அந்நேரம் அவர்கள் உள்ளே இல்லையென்றால், திறந்ததும் இடம் போய்விடும்.

தூக்கம் சரியில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு வலிக்கிறது.

நாள் 347, காலை 09:00

பதிவு செய்ய எதுவும் இல்லை. வேறு தொகுப்புகளின் அறிக்கைகளை எடுத்தேன். ஒரே கூட்டலை மூன்று முறை போட்டேன், மூன்று விடை வந்தது.

நாள் 348, காலை 10:30

மீட்பு வண்டி முகாமிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் நிற்கிறது. முன்னால் புயல் மறுபடி எழுந்திருக்கிறது. ஓட்டுநர் கேட்பது நியாயம்தான்: அங்கே ஆள் இருந்தால் போகிறோம், இல்லையென்றால் மூன்று பேரை எதற்குப் புதைகுழிக்குள் விட வேண்டும்?

இயக்குநர் உள்தொடர்பில் பேசினார்.

"ஒரே ஒரு தடவை திறந்து பாருங்க சார். உங்களை உள்ள விடலைன்னா அவங்கதான் உள்ள இருக்காங்க, வண்டி போகலாம்."

"உள்ளே விட்டுட்டா, அம்மா?"

"அப்ப திருப்பிருவோம்."

முடியாது என்றேன். வாழ்க்கையில் மேலதிகாரியிடம் அந்தச் சொல்லைச் சொன்னதாக நினைவில்லை. அவர்கள் சற்று நேரம் வெளியே வந்திருக்கலாம். கருவியைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்காகத் திரும்பி வரும் நேரமாக இருக்கலாம். நான் உள்ளே போனால் நாற்பது நிமிடம். டப்பா நண்பகலோடு சரி.

10:50. மறுபடி அழைத்தார். வண்டியின் மூன்று பேருக்கும் பெயர் இருக்கிறது என்றார். அவர் சொல்வதும் சரிதான். எல்லோர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படும். அதுதான் என் கோளாறு.

11:06. கடவுச்சொல்லை உள்ளிட்டேன். 'பிறகு முயலவும்' என்ற இரண்டு சொல் வர வேண்டும். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

'வருக' என்று வந்தது.

உள்ளே இருக்கிறேன். இடம் ஒன்று பட்டறை. இடம் இரண்டு நான்.

இயக்குநரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வண்டி திரும்பிவிடும்.

11:07. புதிதாக மறுப்பு, ஒன்று. வடக்கு முகாம்.

இருக்கிறார்கள். இப்போதுதான் வந்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் முந்திக்கொண்டேன்.

திரையை மூடிவிட்டேன். வண்டியைப் போகச் சொல்லிவிட்டேன். இயக்குநர் அழுதார். அறையில் கைதட்டல் கேட்டது.

11:47க்குத்தான் இடம் விடுபடும்.

11:15. அவர்கள் தட்டிக்கொண்டிருப்பார்கள். எத்தனை முறை என்று தெரியாது. எண்ண முடியாது.

11:24. ரவூஃப் பட்டறை இடத்தை விடுவதாகச் சொன்னார். விட்டாலும் அதற்கும் நாற்பது நிமிடம். வேண்டாம் என்றேன். பிறகு விடுங்கள் என்றேன். விட்டுவிட்டார். 12:04. இதை முன்பே செய்திருந்தால். எனக்குத் தோன்றவில்லை.

11:33. ஒன்பதாம் பிரிவு ஓர் அத்தியாயம் என்கிறது. அந்தக் கையேடு மொத்தமே ஏழு அத்தியாயம்தான்.

11:41.

11:47. இடம் காலி. உள்ளே போனார்களா என்று பார்க்க விரல் தானாக நகர்கிறது. குறிப்பேட்டை மூடிவிட்டு, விசைப்பலகை எட்டாத தூரத்தில் போய்த் தரையில் உட்காரப் போகிறேன்.