பாகான் செராய் படத்தில் உங்கள் விரல்

அக்கா,

கறையான் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் நேற்று பழைய பெட்டியைத் திறந்தேன். அடியில், பள்ளிக்காக நான் வரைந்த அந்தத் துணி வரைபடம் நான்காக மடித்தபடி கிடந்தது. பிரித்ததும் புளித்த ரப்பர் பாலின் வாடை வந்தது. இத்தனை வருடம் வாடை நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வந்தது. கிரியான் ஆற்றுக்கு வடக்கே, நான் சிவப்பு மை தீட்டிய இடத்தில், ஒரு கறுத்த புள்ளி. உங்கள் விரல் பட்ட இடம். துணியில் பட்ட பால் காய்ந்து கறுத்தால், பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.

ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கு நான் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நீங்கள் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவரைக் காய்ச்சலில் பறிகொடுத்து, பதின்மூன்று வயது மகள் அஞ்சலையோடு, தோட்டத்து ஆட்களின் வரிசைவீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் இருந்தீர்கள். காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டி, அதை நிறுத்துக் கொடுத்துவிட்டு, காலி வாளிகளோடு பள்ளியின் அரைச்சுவருக்கு வெளியே வந்து நிற்பீர்கள். மகளை அழைத்துப் போகத்தான் வருவீர்கள். ஆனால் பாடம் முடிவதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடுவீர்கள்.

அந்த மாதம் நான் நடத்தியது நம் வட்டாரத்தின் சரித்திரமும் பூகோளமும். நம் ஊர்ப் பெயரில் பாகான் என்றால் படகுத்துறை, செராய் என்றால் நாம் குழம்பில் போடும் அதே எலுமிச்சைப் புல் என்று தொடங்கினேன். முதலில் சதுப்பு, பிறகு கரும்பு, கரும்பு போய் ரப்பர். அந்தப் பக்கம் புக்கிட் மேரா ஏரித் தண்ணீரில் விளையும் நெல். பக்கத்தில் மலையே இல்லாத ஊர் என்பதால் வெயில் ஒதுங்க இடமில்லாமல் வயல் தண்ணீரிலேயே படுத்துக்கொள்கிறது என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. கரும்பு இருந்த காலத்தில் லயம் எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். இதே இடத்தில்தான் என்றேன். "அப்ப மாறுனது பயிருதான்," என்றீர்கள்.

மறுநாள் எல்லைப் பாடம். ஆற்றுக்கு இந்தக் கரை பேராக், சுல்தானின் சீமை. அந்தக் கரை செபராங் பிறை, பினாங்கைச் சேர்ந்தது. ஆட்சி வேறு, போலீஸ் வேறு. பிள்ளைகளுக்கு விளங்காததால், என் வழக்கப்படி ஓர் உதாரணம் சொன்னேன். இந்தக் கரையில் ஒரு மாடு யாருடைய பயிரையாவது மேய்ந்துவிட்டு ஆற்றை நீந்திப் போய்விட்டால், இந்தக் கரைப் போலீஸ் அதை அங்கே போய்ப் பிடிக்க முடியாது. நல்ல உதாரணம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

பிள்ளைகள் கலைந்த பிறகு நீங்கள் உள்ளே வந்து படத்தருகே நின்றீர்கள்.

"இதுதான் அந்தக் கரைங்களா வாத்தியாரே?"

"ஆமாக்கா."

"அங்க போய்ட்டா இங்க உள்ளவங்க கேக்க முடியாதா?"

"முடியாது."

அப்போதுதான் விரலை வைத்தீர்கள். படம் கெட்டுப்போகிறதே என்று நான் பதறினேன். நீங்கள் எதற்குக் கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.

தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தது எனக்கும் தெரியும். பள்ளியை நிறுத்திவிட்டு அஞ்சலையைத் தன் வீட்டு வேலைக்கு அனுப்பும்படி கங்காணி இரண்டு முறை சொல்லியனுப்பியிருந்தார். அந்த வீட்டுக்கு முன்பு வேலைக்குப் போன பெண்ணைப் பற்றி லயத்தில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு யாரும் தோட்டத்தை விட்டுப் போகலாம் என்று சட்டம் இருந்தது. சொல்ல வேண்டிய இடம் கங்காணி. சொன்னவர்கள் போனதாக நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், லயமே வெயிலுக்குப் பயந்து சுருண்டு கிடந்த நேரத்தில் கிளம்பினீர்கள். சந்தைக்குப் போகிறவள் போலக் கையில் ஒரு கூடை, பின்னால் அஞ்சலை. பாரிட் புந்தார் வரை நடந்து, சம்பான் படகில் ஆற்றைத் தாண்டினீர்கள். அக்கரையில் முதலில் கண்ட தோட்டத்தில் வேலை கேட்டீர்கள். அந்தத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி உங்கள் பெயரைக் கேட்டார், பழைய தோட்டத்தின் பெயரைக் கேட்டார், உட்காரச் சொன்னார். சோறும் போட்டார்கள். மூன்றாம் நாள் நம் தோட்டத்து மாட்டுவண்டி அந்த வாசலில் வந்து நின்றது.

நம் கிராணி என்னிடம் சொல்லிச் சிரித்தார். "பைத்தியக்காரப் பொம்பள. அந்தத் தோட்டமும் நம்ம தொரையோடதுதான்லா. ஒரு காயிதம் போதும், திருப்பி அனுப்பிடுவாங்க."

நான் வரைந்த படத்தில் ஆறு இருந்தது, ரயில் பாதை இருந்தது, இரண்டு சர்க்காருக்கு இரண்டு நிறம் இருந்தது. எந்த நிலம் யாருடையது என்று மட்டும் இல்லை. ஒரே முதலாளி ஆற்றின் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்க முடியும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. இரண்டு நிறத்துக்கும் மேலே மூன்றாவதாக ஒரு நிறம் பூசியிருக்க வேண்டும்.

மறுநாள் விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், எல்லோரையும் வரிசையில் நிறுத்திவைத்து, கங்காணி உங்களைக் கேட்டார். பள்ளிப் பதிவேட்டோடு நான் பத்தடி தள்ளி நின்றேன்.

"அந்தக் கரை வேற சர்க்காரு, அங்க போனா நாங்க கேக்க முடியாதுன்னு எவன் உனக்குச் சொன்னான்?"

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல. ஆத்தப் பாத்தா தெரியாதா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கங்காணியும் சிரித்துவிட்டார். விஷயம் முடிந்தது. என் வேலையும், தலைக்கு மேலிருந்த தோட்டத்துக் கூரையும் தப்பின. அந்தக் கூரையை விட்டால் எனக்கும் போக இடமில்லை என்று அன்று பகல் முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் நீங்கள் என்னைக் காப்பாற்றியபோது உங்களுக்கும் போக இடமில்லை.

அடுத்த திங்கள் அஞ்சலை பள்ளிக்கு வரவில்லை. கங்காணி வீட்டுக் கிணற்றடியில் அவளைப் பார்த்தேன். பிறகு பள்ளிக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டேன்.

நீங்கள் மட்டும் அதன் பிறகும் அரைச்சுவருக்கு வெளியே வந்து நின்றீர்கள், அழைத்துப் போகப் பிள்ளை இல்லாமலேயே. மன்னிப்புக் கேட்க ஒரு நாள் கிட்ட வந்தேன். என்னைப் பேச விடவில்லை. "மாடுன்னா நீந்திப் போயிரும் வாத்தியாரே. நமக்குத்தான் பேரு எழுதி வச்சிருக்காங்க," என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனீர்கள். இரண்டு மழைக்காலம் கழித்து, உங்கள் கணவரைக் கொண்டுபோன அதே காய்ச்சல் உங்களையும் கொண்டுபோனது. சவத்துக்குப் பின்னால் அஞ்சலை நடந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த வருடமே ஈப்போவுக்கு வந்துவிட்டேன். பிறகு முப்பது வருடம் பூகோளம் நடத்தினேன். உதாரணம் சொல்லும் பழக்கம் போகவில்லை. ஆனால் மாட்டு உதாரணத்தை மறுபடி சொன்னதில்லை. போன மாதம் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு நிபோங் திபால் போனேன். பேருந்து கிரியான் பாலத்தைத் தாண்ட அரை நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கும்வரை விடவில்லை.

படத்தைத் திரும்ப மடித்துவிட்டேன், உங்கள் விரல் உள்பக்கம் இருக்கும்படி. அந்த வரிசையில் கங்காணி கேட்ட கேள்வி இன்னும் பதிலில்லாமல் நிற்கிறது, அக்கா. அவர் போய்விட்டார், துரை போய்விட்டார், கேட்க ஆளில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

நான்தான் சொன்னேன்.