நேர்காணலில் நான் கேட்ட கேள்வி

வீட்டுத் தலைவிக்கு,

மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் முழங்காலை விசாரிப்பது அதற்குப் பிறகுதான். முனைவர் பட்ட ஆய்வுக்கு நேர்காணல் நடந்தது. இடம் கிடைக்காவிட்டால் கல்லூரியில் போட்ட நீண்ட விடுப்பை ரத்துசெய்துவிட்டு, அசடு வழிய ஊர் திரும்ப வேண்டியதுதான். இருபது வருடம் மாணவர்களுக்கு வைவா என்னும் வாய்மொழித் தேர்வு எடுத்த உடம்பு அல்லவா, நேராகப் போய்த் தேர்வாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. பின்னாலேயே ஒரு சின்னப் பெண் கோப்போடு வந்தாள்.

"உக்காரும்மா, பயப்படாத. ஃபேன் சுத்துறப்ப உள்ள இருக்கற பேரிங் ஏன் சத்தம் போடுது, சொல்லு பாப்போம்."

பாவம், அவளும் உட்கார்ந்து பதில் சொன்னாள்.

"சரிதான். கொஞ்சம் வாயைத் திறந்து சொல்லு."

"சார், நான்தான் உங்க கைடு."

அந்த நொடியில் 'அவள்' 'அவர்' ஆகிவிட்டார். பிறகு முக்கால் மணி நேரம் என்னைப் பிழிந்தெடுத்துவிட்டுத்தான் இடம் கொடுத்தார்.

முழங்காலுக்குத் தைலம் தடவுகிறாயா? என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. நம் அறை மின்விசிறியின் கிரீச் சத்தத்தையும் போனில் பதிவுசெய்து அனுப்பு. ஆராய்ச்சிக்குத்தான். நடுவில் நீ என்னைத் திட்டுவது பதிவானாலும் பரவாயில்லை.

ஆய்வகத்தைப் பூட்ட வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். உன் அப்பாவிடம் பெருமையாகச் சொல். அந்த இடத்துக்கு விண்ணப்பித்தவன் நான் ஒருவன்தான் என்பதை மட்டும் விட்டுவிடு.