நாற்பத்தோராவது நட்சத்திரம்

என் பிரியமுள்ள கணவருக்கு,

"இவ ஒரு நம்பரத் தப்பா எழுதினா, என் டாக்டர் பட்டமே போச்சு" என்று சாகும்வரை விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரித்தீர்கள். என்னை மன்னித்துவிட்ட பெருமை முகத்தில் வழியும். நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். இப்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது. கேளுங்கள். நான் தப்பாக எழுதவில்லை.

அறுபதுகளில் நம் விழுப்புரம் வீட்டுக்கு வந்த கண்ணாடித் தகடுகள் நினைவிருக்கிறதா? எங்கோ ஒரு தேசத்தில், புரோட்டான்களை விரட்டி மோதவிடும் எந்திரத்தின் எதிரே வைத்து எடுத்தவை. மேலே பூசிய போட்டோ மருந்துக்குள் அணுக்கரு உடைந்த இடத்திலிருந்து கறுப்புக் கோடுகள் சிதறிக் கிடக்கும். அதை நட்சத்திரம் என்போம். மைக்ராஸ்கோப்பில் தேடி, அது இருக்கும் இடத்தையும் அதன் கோடுகள் எத்தனை என்பதையும் நோட்டில் குறிக்க வேண்டும். ஒரே தகட்டை இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒருவர் நோட்டை மற்றவர் தொடக்கூடாது. உங்கள் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய மெட்ராஸ் பேராசிரியர் வைத்த சட்டம் அது ஒன்றுதான்.

பகலில் நான் பார்த்தேன். திண்டிவனம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் நீங்கள். நான் நான்கு நாள் பார்த்த தகட்டை, காப்பி ஆறுவதற்குள் முடித்தீர்கள்.

"அதுக்குள்ளவா?" என்றேன்.

"உன்ன மாதிரி தடவிக்கினு இருக்கணுமா? பழகின கண்ணு இது, பிலோமி."

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். சோதிக்காமல் குற்றம் சொல்லமாட்டேன். அடுத்த தகட்டில் இருந்தவை நாற்பது. நான் வேண்டுமென்றே நாற்பத்தொன்று எழுதினேன். கடைசியாகக் குறித்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நீங்கள் தகட்டைப் பார்த்திருந்தால் நோட்டுகள் ஒத்துப்போயிருக்காது. இருவரும் சேர்ந்து மறுபடி பார்த்து அதை அடித்திருப்போம். உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

உங்கள் நோட்டிலும் நாற்பத்தொன்று. இல்லாத நட்சத்திரத்துக்கு நான் எழுதிய ஏழு கோடுகளும் அப்படியே.

பேராசிரியர் தகட்டைத் தானே சரிபார்த்துவிட்டு, இரண்டு நோட்டுகளோடும் வீட்டுக்கே வந்தார். "இந்த எடத்துல ஒண்ணுமே இல்லீங்களே. ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் பாத்தீங்களா?"

"சொல்லேன் பிலோமி" என்றீர்கள்.

சொன்னேன். "அவரு தகட்டைப் பாக்கலைங்க சார். என் நோட்டைப் பாத்தாரு."

மைக்ராஸ்கோப் அவரோடு போனது. என் வேலையும் அதோடு போனது. அதைப்பற்றி ஒருநாளாவது கேட்டீர்களா? முன்கூட்டியே உங்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருந்தால் இன்னும் கவனமாகக் காப்பியடித்திருப்பீர்கள்.

போன வாரம் உங்கள் பழைய மாணவர்கள் இருவர் வந்தார்கள். பள்ளி லேபில் உங்கள் படம் மாட்டப் போகிறார்களாம். கீழே வைக்கும் பெயர்ப்பலகையையும் கொண்டுவந்து காட்டினார்கள். பெயருக்கு முன்னால் "டாக்டர்".

"அத எடுத்துடுங்க" என்றேன்.

"எங்களுக்கு சார் டாக்டர்தாம்மா. நாளைக்கு விழா, இப்ப போய் பேஜாரு பண்றீங்களே."

"அப்ப நான் மேடைக்கு வந்து, ஏன் கூடாதுன்னு சொல்லட்டுமா?"

பலகையைத் துணியில் சுற்றி எடுத்துப்போனார்கள். மறுநாள் பலகையில் உங்கள் பெயர் மட்டும் இருந்தது.

நான் இருக்கும்வரை அந்தப் பட்டம் உங்கள் பெயருக்கு முன் ஏறாது. நம் பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் போன பிறகும் ஏறாது. இது சத்தியம்.

உங்கள் மனைவி,
பிலோமினா