தண்ணீர் வரும் நேரம்

தாராவி,
12.10.2024

அன்பு மருமகள் விஜயராணிக்கு மாமா பேச்சிராஜா எழுதுவது. என் பொறுப்பில் மும்பை நலமாகவே இருக்கிறது. ஜெர்மனியை நீ பார்த்துக்கொள்.

ஃபோனில் பேசினால் போதாதா என்கிறாய். ஃபோனில் பேசியதைப் பூலோகத்தின் டீக்கடையில் வாசித்துக் காட்ட முடியுமா? உன் கடிதத்தைத் தபால்காரர் நகுல் எனக்கு சல்யூட் அடித்துத்தான் கொடுத்தார். கொசு அடித்தார் என்பான் பூலோகம், நம்பாதே. அவனுக்கு ஒரே பொறாமை.

"ஏலே பேச்சி, பாசியப் படிக்கவா உன் மருமவ பிளேன் ஏறுனா? நம்ம டேங்குல இல்லாத பாசியா?" என்றான்.

"அது உள்ளூர்ப் பாசி. இது படிச்ச பாசிலே. வெயிலக் குடிச்சுச் சீனி போடும்."

"அப்பம் என் கடைக்கு ஒரு மூட அனுப்பச் சொல்லு."

தாராவியிலேயே சீனி மில் திறக்கப்போகிறாய் என்று சொல்லி வாயை அடைத்தேன். பொங்கலுக்கு வந்து இறங்குகிறாய் என்றும் தொண்ணூறு அடி ரோடு முழுக்கச் சொல்லிவிட்டேன். உன் அம்மா போனதிலிருந்து நீ படுத்த மேல்மாடிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தாயிற்று. வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது, ராணி. என் பேச்சு எனக்கே அலுத்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்.

உன் மாமா,
பேச்சிராஜா
(பெல்ட் எக்ஸ்போர்ட் அதிபர்)


ஜெர்மனி,
30.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பாசி சீனி செய்வது உண்மைதான். ஆனால் டீக்குத் தராது. பகல் வெளிச்சத்தில் காற்றிலிருந்து சர்க்கரை செய்து சேர்த்துக்கொள்ளும். இருட்டில் அந்தச் சேமிப்பை எரித்து உயிரோடு இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் செய்ததெல்லாம் வீண். அதனால் இருட்டியதும் ஒரு சின்னப் புரதம் தாழ்ப்பாள் மாதிரி வந்து, செய்யும் வேலையைப் பூட்டிவிடுகிறது. விடிந்ததும் விலகிக்கொள்கிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் நம் சந்துக் குழாய்தான் ஞாபகம் வருகிறது. காலையில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரமும் டிரம் நிரப்ப மட்டும்தான். குளிப்பது, துவைப்பது எல்லாம் தண்ணீர் நின்ற பிறகு. சோப்பு நுரையோடு நின்ற கரீம் பாட்சா மாமாவை நீங்கள் துரத்தியது மறக்குமா? "நிரப்புற நேரத்துல செலவழிச்சா டிரம்மு எப்பம்வே நெறயும்?"

அந்தத் தாழ்ப்பாளை எடுத்துவிட்ட பாசியைத்தான் இப்போது வளர்க்கிறேன். இருட்டிலும் செய்கிறது, எரிக்கிறது, சேமிப்பைத் தொலைத்துவிட்டு மெலிகிறது. நானும் அப்படித்தான் இருக்கிறேன், மாமா. கை கண்ணாடிக் குடுவையில், மனசு நம் மாடியில். ஒரு வேலையும் உருப்படவில்லை.

இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார் பேராசிரியர். டிசம்பருக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் வா என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுவேன். ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் ராணி


தாராவி,
18.11.2024

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை டீக்கடையில் வாசித்தேன். குழாய் விஷயம் வந்ததும், "பாசிக்கே பாடம் எடுத்தது நாந்தாம்வே" என்றேன். கரீம் பாட்சா எழுந்து நின்று கும்பிட்டார். கடைசிப் பத்தியை வாசிக்கவில்லை. கண்ணாடி சரியில்லை என்று மடித்துவிட்டேன்.

நீ கேட்ட வார்த்தை: வராதே.

மேல்மாடியை வாடகைக்கு விட்டுவிட்டேன். வடாலாவிலிருந்து வந்த பெரிய ஆபீசர். ஏணி ஏறும்போதும் டை கட்டியிருப்பார். மூன்று வருஷ அக்ரிமெண்ட். நீ வந்தால் படுக்க இடமில்லை, போலீஸ் கமிஷனரே வந்தாலும் அவரைக் கிளப்ப முடியாது. எனக்கும் மூச்சுவிட நேரமில்லை. வெளிநாட்டிலிருந்து யானைக்கு பெல்ட் கேட்டு ஆர்டர் வந்திருக்கிறது. யானைகளை நேரில் அளவெடுக்கப் போக வேண்டியிருக்கும்.

அங்கே உனக்கு இப்போது தண்ணீர் வரும் நேரம். மாடியை நினைத்து அதைக் கொட்டிவிடாதே, தாயி. முதலில் நிரப்பு.

உன் நீல டிரம்மைக் கழுவித் தினமும் நிரப்பித்தான் வைக்கிறேன். யாரும் தொடுவதில்லை. இந்தக் கடிதத்தையும் உன் பாயில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. ஜன்னலில் மாஹிம் பக்கம் வெயில் இறங்குகிறது.

உன் மாமா,
பேச்சிராஜா


ஜெர்மனி,
9.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வருடம்.

உங்கள் ஆபீசர் தங்கமான மனிதர் போலிருக்கிறது. வாடகை கொடுத்த இடத்தில் உங்களை உட்காரவைத்து, என் பாயில் கடிதம் எழுத விடுகிறாரே! அவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை வேலை என்று பட்டினி கிடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பேச ஆளில்லை என்றால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், யானைக் கதையானாலும் சரி.

பொங்கலன்று காலை தண்ணீர் வரும்போது என் டிரம்மை அவர் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள், மாமா. நான் வந்துதான் செலவழிப்பேன்.

உங்கள் ராணி