சாரலில் கரைந்த சிவப்பு

குற்றாலம்,
ஈசுவர வருஷம், ஆடி 9

அம்மாவுக்கு மகன் சங்கையா வணங்கி எழுதிக்கொண்டது. நான் சுகம். உங்கள் கால்வீக்கம் வடிந்ததா?

நான் வேலை பார்க்கும் தையல் கடையில் மிஞ்சும் வெட்டுத்துணிகளில் நான் தைக்கும் தலைப்பூக்களை, அருவிக்குப் போகிற பெண்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

முந்தாநாள் ஒரு வேடிக்கை. புளியங்குடிப் புதுப்பெண் ஒருத்தி சிவப்புப் பூ வாங்கி வகிட்டோரம் செருகிக்கொண்டு போனாள். சாரலில் நனைந்து திரும்பியபோது நெற்றியெல்லாம் சிவப்பு வழிந்தது. மாமியார் எங்கள் கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, தாலி ஏறி ஒரு மாசம் ஆவல, அதுக்குள்ள குங்குமத்தக் கரைச்சுக்கிட்டு வந்து நிக்கியே! எம் புள்ளைக்கு என்ன ஆவப்போவுதோ!"

அது பூவின் சாயம் என்று நான் சொல்லியிருக்கலாம். முதலாளி பக்கத்தில் இருந்தார். ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

பூவைத் தொட்ட தன் விரல் சிவந்ததை அந்தப் பெண் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாந்தான் குங்குமத்தக் கூடுதலா வச்சிட்டேன், அத்த" என்றாள்.

சிவப்புத் துணியை அலசிவிட்டுத் தைக்க வேண்டும் என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னீர்கள்! இந்த ஈரத்தில் காயாதென்று அப்படியே தைத்துவிட்டேன்.

இங்கே ஊசியெல்லாம் துருப்பிடிக்கிறது. துடைக்க உங்கள் பழைய சேலையில் ஒரு கிழிசல் அனுப்புங்கள். கடை நிறையத் துணிதான், ஆனாலும் அனுப்புங்கள்.

தங்கை ராக்குவுக்கு நான் அனுப்பிய பூவும் அதே துணிதான். கல்யாணத்துக்கு அவள் அதை வைக்க வேண்டாம். மாமியார் திட்டினால் அவளும் உண்மையைச் சொல்ல மாட்டாள்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

சங்கையா